ஓடாத சக்கரத்தின் சூடு

நம்ப மனமில்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். முத்துசெல்வி பொய் சொல்லத் தெரியாதவள். மெக்கானிக் சேக் மைதீனோ பேய் என்றாலே சிரிக்கிற ஆள். இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதான். நடந்தது இலஞ்சியில், போன சாரல் சமயத்தில்.

அவள் கணவன் பரமசிவன் டிராக்டர் வைத்துத் தேங்காய் லோடு அடித்தவன். எங்கே போய் வந்தாலும் இறங்கியதும், டிரெய்லரின் இரண்டு சக்கரத்திலும் நடுவில் இருக்கும் ஹப்பைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பான். சுட்டால் உள்ளே பேரிங்கில் கிரீஸ் வற்றிவிட்டது என்று அர்த்தம். சித்திரையில் நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டான். ஆஸ்பத்திரியில் கடைசி நேரத்தில் அவளை உள்ளே விடவில்லை. அவளுக்கு அதுதான் ஆறவே இல்லை.

டிரெய்லர் தோப்பில் அப்படியே நின்றது. மாட்டை அவிழ்க்கப் போகும்போதெல்லாம் அவளும் ஹப்பைத் தொட்டுவிட்டு வருவாள்.

சாரல் தொடங்கியபின் ஒரு நாள் சாயங்காலம் இடது ஹப் சுட்டது.

கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். இப்போதுதான் ஓடி வந்து நின்ற மாதிரி... ஆனால் சக்கரத்தில் படர்ந்திருந்த கொடி அறுபடவே இல்லை. வலது பக்கம் ஜில்லென்று இருந்தது.

மறுநாள் வண்டியை எடுக்க வந்த கொழுந்தன் விஜயசங்கர் சிரித்தான்.

“வெயில் சூடா இருக்கும் மைனி.”

“மூணு நாளா சாரல் விடல. எங்கன இருக்கு வெயிலு?”

அவள் பிடிவாதம் தாங்காமல் சேக் மைதீனைக் கூட்டி வந்தான். அவர் ஜாக்கி போட்டு இடது ஹப்பைத் திறந்தார். உள்ளே புது கிரீஸ்.

“உள்ளங்கையில வச்சு அமுக்கி ஏத்திருக்கு. கடைசியில பெருவிரலால வழிச்சு விட்டிருக்கு. பரமசிவன்தான் இப்படிப் போடுவான்...”

வலதைத் திறந்தார். கிரீஸ் கருப்பட்டி மாதிரி இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் கழுவப் போனவரை முத்துசெல்வி தடுத்தாள்.

“அதத் தொடாதீங்க பாய். அப்படியே மூடுங்க.”

“ஓட்டுனா பேரிங் போயிரும்மா.”

“இன்னைக்கு ஓட்ட வேண்டாம். அவுக ஒரு பக்கந்தான் முடிச்சிருக்காவ.”

விஜயசங்கர் இந்த முறை சிரிக்கவில்லை.

ஒரே ஒரு தடவை பரமசிவன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். அவளுக்கு வேறெதுவும் வேண்டாம்.

மாலை ஆறரை. தூறல். வலது ஹப்பில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜில்.

தவளைச் சத்தம் நின்றது.

மண்ணெண்ணெய் வாடை...

டக்... டக்...

அவள் கைக்கு அடியிலேயே.

இரும்பு மெல்லச் சூடானது.

நிமிர்ந்தாள். யாருமில்லை.

“ஏங்க... ஒரு தடவ முகத்தக் காட்டுங்க.”

தூறல்தான் விழுந்தது. சூடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அழுதாளே தவிர, கையை எடுக்கவில்லை.

காலையில் சேக் மைதீன் வலது ஹப்பைத் திறந்தார். நிறையப் புது கிரீஸ். பெருவிரல் வழித்த தடமும் இருந்தது. சக்கரத்துக்குப் பின்னால், கை துடைத்துப் போட்ட துண்டு ஒன்று கிடந்தது.

“உங்க வீட்டுத் துண்டாம்மா?”

நீலக்கரை. ஓரக் கிழிசலைப் பச்சை நூலால் தைத்தவள் அவள்தான். சுடுகாட்டுக்குக் கிளம்பும்போது அவன் நெஞ்சில் போர்த்திவிட்டதும் அதைத்தான். அவனோடு சேர்ந்து அது எரிந்ததைக் கண்ணால் பார்த்தவன் கொள்ளி வைத்த விஜயசங்கர்.

முத்துசெல்வி துண்டை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

“திரும்ப எப்பம் கிரீஸ் வைக்கணும் பாய்?”

“அடுத்த சாரலுக்கு வச்சாப் போதும்மா.”

“அப்ப நீங்க வர வேண்டாம்.”