பிரியாத இரண்டு கோடுகள்

வியாழக்கிழமை காலை பெஹாலாவில் இருக்கும் நண்பர் வீட்டிலிருந்து அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. எங்கள் ராஜாராம் காலமாகிவிட்டார். மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர்தான், எதிர்பார்த்த சேதிதான். ஆனாலும் ரிசீவரை வைத்த பிறகு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மின்தேவையைக் கணிக்கும் அலுவலகம் எங்களுடையது. எழுபதுகளின் தொடக்கத்தில் இருவரும் ஒன்றாகச் சேர்ந்தோம். தொழில் இத்தனை வளர வேண்டும் என்று மேலே முடிவு செய்வார்கள். அதற்கு எவ்வளவு மின்சாரம், எவ்வளவு நிலக்கரி என்று நாங்கள் கணக்குப் போடுவோம். ராஜாராம் ஆண்டுதோறும் தொழில் உற்பத்தியை நீலத்திலும், எரித்த நிலக்கரியைக் கறுப்பிலும் ஒரே தாளில் வரைவார். இரண்டும் சேர்ந்தேதான் ஏறும்.

"கரியமில வாயு எங்கயும் போயிறாது. மேலயே தங்கி பூமியைச் சுட வைக்கும். நீலம் ஏறணும், கறுப்பு இறங்கணும். ஒரு தடவை அதைப் பாத்துட்டாப் போதும் எனக்கு" என்பார்.

தலைமை அதிகாரி சிரிப்பார். "ஊரே இருட்டில் கிடக்கிறது ராஜாராம் பாபு, உங்களுக்கு ஆகாயக் கவலை." அவர் சொன்னதிலும் தப்பில்லை என்பதுதான் கொடுமை.

ஓர் ஆண்டு அது நடந்தேவிட்டது. நீலம் ஏறியது, கறுப்பு இறங்கியது. லேசில் சிரிக்காத மனிதர், அலுவலகம் முழுவதற்கும் சந்தேஷ் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். அன்று மாலை இருவரும் கரியாஹாட் கடைத்தெரு வழியே நடந்தோம். மின்வெட்டு. கடைக்குக் கடை வாசலில் ஜெனரேட்டர் புகை கக்கிக்கொண்டிருந்தது. ராஜாராம் நின்றுவிட்டார்.

"டீசலை நாம கணக்குல எடுக்கவே இல்லையே. ஆலையிலயும் இதானே ஓடுது?"

எங்கள் கணக்கில் மின்நிலையத்து நிலக்கரிக்கு மட்டும்தான் இடம். மறுநாள் டீசலையும் கறுப்பில் சேர்த்து வரைந்தார். கோடுகள் பழையபடி ஒட்டிக்கொண்டன. அதன்பின் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தாளை மட்டும் விடாமல் வரைந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

கடைசியாக நான் அவரைப் பார்க்க வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி மீனாட்சி முந்திக்கொண்டார். "என்னங்க, கோடு ரெண்டும் பிரிஞ்சிருச்சாம். அண்ணன் சொல்றாரு." ஆமாம் போடச் சொல்லி என்னைக் கண்ணால் கெஞ்சினார். நான் தலையாட்டினேன்.

ராஜாராம் மெல்லக் கண் திறந்தார். "இந்தத் தடவை எதை விட்டுட்டீங்க?" என்றார்.

எதையும் விடவில்லை, நண்பரே. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்த்தேன். இரண்டும் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன. நீங்கள் இனிப் பார்க்க வேண்டியதில்லை. போய் வாருங்கள்.