பாசிக்குப் போட்ட மருந்து

பாசி வளர்த்துச் சம்பளம் வாங்குகிறவனை ஊரில் யாரும் உத்தியோகஸ்தன் என்று ஒப்புக்கொள்வதில்லை. உங்களில் சொந்த வீட்டாருக்கே புரியாத வேலையில் மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஐம்பதுகளின் கடைசியில், ஓசூருக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தாவர ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளனாக இருந்தேன்.

பெண் பார்த்தது

மத்தூருக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா விவசாயி. என்ன உத்தியோகம் என்று கேட்டார். பாசி எப்படி வளர்கிறது, எது அதை வளர வைக்கிறது என்று பார்க்கிற வேலை என்றேன். அவர் என் அம்மாவைப் பார்த்தார்; அம்மா தரையைப் பார்த்தார். காபி கொடுத்து, வாசல்வரை வந்து மரியாதையாகத்தான் அனுப்பினார்.

"தம்பி, எங்க கெணத்துல அது தானா வளருதுங்க. வழுக்கி விழாம இருந்தாப் போதும்னு நாங்க இருக்கறோம்."

தபாலில் வந்த தூள்

பாசியின் வித்து முளைத்தால் முதலில் வருவது செடியல்ல, பச்சை நூல். அந்த நூலில் எங்கோ ஒரு செல் மொட்டாக மாறும். மொட்டுதான் இலைவிட்டுச் செடியாகும். ஆண், பெண் உறுப்புகள் அந்தச் செடியின் நுனியில்தான் வரும். எங்கள் கண்ணாடித் தட்டுகளிலோ மாதக்கணக்கில் நூல் மட்டுமே படர்ந்துகொண்டிருந்தது.

வெளிநாட்டிலிருந்து கைனட்டின் என்ற புதிய வளர்ச்சி ஊக்கி தபாலில் வந்தது. வெள்ளைத் தூள். தட்டுகளில் துளியிலும் துளி கலந்தோம். சில நாளில் நூலெங்கும் மொட்டு. சந்தோஷத்தில், எங்களிடம் கண்ணாடிச் சாமான் கழுவும் முனியப்பாவைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். பாகலூர்க்காரர், வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இது மனுசருக்கு ஆகுமுங்களா சார்?"

கௌரம்மா

அவர் மனைவி கௌரம்மாவுக்கு வயிற்றில் பிள்ளை தங்குவதில்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இது பாசிக்கு மட்டும்தான் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துக் கௌரம்மாவே வந்தார். மறுபடி முழுகாமல் இருந்தார். கையில் சின்னப் பித்தளைக் கிண்ணம்.

மனித உடம்பின் ஊக்கிகள் வேறு, இது உள்ளே போனால் என்ன செய்யும் என்று எங்களுக்கே தெரியாது என்றேன். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னேன். அவர் வாதாடவில்லை. கிண்ணத்தை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"குடுக்க மாட்டீங்கன்னு இவரு அப்பவே சொன்னாருங்க. கேக்காம இருந்துட்டமேன்னு நாளைக்கு எனக்குத் தோணக்கூடாது, அதுக்குத்தான் வந்தேன்."

கழுவிய தட்டுகள்

ஊக்கியைக் கழுவி எடுத்துவிட்டால் மொட்டு என்ன ஆகும் என்று அடுத்துப் பார்க்கச் சொன்னார் எங்கள் தலைமை ஆய்வாளர். இளம் மொட்டுகள் இருந்த தட்டுகளில் ஊக்கியை மட்டும் கழுவி எடுத்து வைத்தோம். அந்த வாரம் முனியப்பா வேலைக்கு வரவில்லை. பாகலூருக்குப் போய்ப் பார்த்தேன். கௌரம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போயும் பிள்ளை நிற்கவில்லை என்று முனியப்பா தாழ்ந்த குரலில் சொன்னார். கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன்.

அவர் மறுபடி வேலைக்கு வந்த அன்றே தட்டுகளையும் பார்க்க வேண்டியிருந்தது. அவர் அந்தப் பக்கம் போகட்டும் என்று காத்திருந்தேன். போகவில்லை, என் பக்கத்திலேயே வந்து நின்றார். மொட்டுகளைக் காணோம். அந்தச் செல்கள் நீண்டு, பழையபடி நூலாகியிருந்தன. என்ன ஆச்சு என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை, உள்ளதைச் சொன்னேன். குனிந்து பார்த்தார்.

"செத்துப் போகலீங்களே சார். அந்த மட்டுக்கும் இதுக்குப் பரவால்ல."

பாசியை எதைக் கொடுத்து மொட்டுவிட வைக்கலாம் என்று சம்பளமும் கொடுத்துச் சொல்லித்தந்த அந்த வேலை, பக்கத்தில் நிற்கிற மனிதரிடம் என்ன பேசுவது என்று மட்டும் எனக்குக் கடைசிவரை சொல்லித்தரவில்லை.