தையல் ஊசியில் கடைந்த அச்சு

சென்ற வாரம் என் கைக்கடியாரத்தைக் குளியலறையில் தவறவிட்டேன். வயதானால் மற்ற உறுப்புகளுக்கு முன்னால் விரல்கள் ஓய்வு வாங்கிக்கொண்டுவிடுகின்றன. பாலக்காட்டுக் கடைவீதியில், ஒரு குடைக்கடைக்கும் ஒரு காப்பி ஹோட்டலுக்கும் நடுவே, ஆள் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும் என்கிற அகலத்தில் ஒரு ரிப்பேர் கடை உண்டு. கடைக்காரர் எலப்புள்ளிப் பக்கத்தவர். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு கடியாரத்தின் முதுகைத் திறந்து பார்த்தார்.

"ஏனுங்க, கீழ போட்டுட்டீங்களாட்ட இருக்குது?"

"ஆமாம்."

"பேலன்ஸ் ஸ்டாஃப் முறிஞ்சிருச்சுங்க. மாத்தீரலாமுங்க. பக்கத்துல ஒரு காப்பி குடிச்சுட்டு வாங்க, அதுக்குள்ள ஆயிரும்."

நான் காப்பிக்குப் போகவில்லை. கடியாரத்துக்குள் இப்படியும் அப்படியுமாக ஓயாமல் ஆடும் சக்கரம் ஒன்று உண்டல்லவா, அதன் அச்சுக்குத்தான் அந்தப் பெயர். அரிசி நீளத்துக்கு மேல் போகாது. இரு முனைகளும் தலைமயிர் கனம். அவர் ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்திலிருந்து தயாராகச் செய்து வைத்த அச்சு ஒன்றை இடுக்கியால் எடுத்தார். பக்கத்தில் கிண்ணத்தில் பெட்ரோல். கழற்றிய சக்கரங்களை அதில்தான் கழுவுவார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குத் தேவிகுளத்து மூடுபனி நினைவுக்கு வந்துவிட்டது. அவர் இருபத்தைந்து நிமிஷத்தில் முடித்த வேலையை நான் ஒரு காலத்தில் நாலு ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தேன். அதைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

மலையாளக் கணக்கில் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து வெள்ளம், இங்கிலீஷ் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலு, மலைகளையே கரைத்துக்கொண்டு போயிற்றே, அதற்கு மூன்று வருஷம் கழித்து, தேவிகுளத்துக்கு இரண்டு மைலில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். அக்ரஹாரத்துப் பையன், காலேஜை முதல் வருஷத்தோடு விட்டவன். காலேஜுக்குப் போகிற வழியில் ஒரு கடியாரக் கடை இருந்தது. வகுப்பில் உட்கார்ந்த நேரத்தைவிட அங்கே உட்கார்ந்த நேரம் அதிகம். திறந்து துடைத்து எண்ணெய் விடத் தெரிந்துகொண்டேன். அதற்கு மேல் தெரியாது. ஆனால் தோட்டத்தில் அது போதும். ஆறு மாதத்தில் அந்த மலைக்கே கடியார டாக்டர் நான்தான். எனக்கும் அந்தப் பெயரில் கொஞ்சம் தலை கனத்துத்தான் இருந்தது.

ஆபீஸ் வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். வெள்ளத்தில் பிய்ந்துபோன சின்ன ரயில் பாதையின் மிச்சம் அது. காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புவதற்கு, ஒரு முறை அடிப்பார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலை விட ஒரு முறை. அடிக்கச் சொல்வது கண்டக்டர். பஸ்ஸையும் டிக்கெட்டையும் நினைக்காதீர்கள். மலையில் வேலையை மேற்பார்க்கும் உத்தியோகஸ்தருக்கு அந்தப் பெயர். மணி அடித்த நேரத்தை ஆபீஸ் பாக்கெட் கடியாரத்தைப் பார்த்து, புத்தகத்தில் எழுதுவது நான்.

அதே ரகத்தில் இன்னொரு கடியாரமும் தோட்டத்தில் இருந்தது. சுடலைமுத்துக் கங்காணிக்கு நீண்டகாலச் சேவைக்காகத் துரை கொடுத்தது. கங்காணி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அறுபது பேரை ஊரிலிருந்து அழைத்து வந்து வேலை வாங்குகிறவர். அவரைத் தேவதூதனாக நினைக்கவேண்டாம். வாய் பொல்லாதது; வெற்றிலை எச்சிலை நினைத்த இடத்தில் துப்புவார். ஆனால் கொழுந்து கொட்டுகிற மாதங்களில் கண்டக்டர் மணியைத் தள்ளிப்போடப் பார்ப்பார் அல்லவா, அப்போது கங்காணி ஒரு பாறைமேல் ஏறி நின்று கடியாரத்து மூடியை 'டக்'கென்று திறப்பார். "சார், மணி அஞ்சு ஆயிட்டு." அவ்வளவுதான். கண்டக்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மணி அடிக்க ஆள் அனுப்புவார். அந்த மலைச்சரிவில் தொழிலாளர் பக்கம் இருந்த ஒரே கடியாரம் அது.

புரட்டாசியில் அதைத் துடைப்பதற்காக என்னிடம் கொடுத்தார். துடைத்து மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். அந்த வாரம் துரை வெளியூர் போயிருந்தார். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆபீஸ் கடியாரத்தையும் திறந்தேன். கை தவறியது. மரத்தரைதான், ஆனால் எடுத்துப் பார்த்தால் ஆட்டச் சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. அச்சின் மேல்முனை ஒடிந்துவிட்டது.

அடுத்து நான் செய்ததற்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கங்காணியின் கடியாரத்திலிருந்து ஆட்டச் சக்கரத்தை அச்சோடு கழற்றி ஆபீஸ் கடியாரத்தில் பொருத்தினேன். ஒடிந்ததை அவருடையதில் வைத்து மூடினேன். சாயங்காலம் அவர் வந்தார்.

"இது இனிமே ஓடாது கங்காணி. மழையிலே நனைச்சிருக்கீர்."

"நனையலியே சாமி. பொஞ்சாதிய நனைய விட்டாலும் விடுவேன், இத விடமாட்டேன்."

"உள்ளே துரு ஏறியிருக்கு. நான் பார்த்துட்டேனே."

அவர் அதைக் காதில் வைத்துப் பார்த்தார். குலுக்கி மறுபடியும் வைத்துப் பார்த்தார். "சாமி சொன்னாச் சரிதான்" என்று மடியில் செருகிக்கொண்டு போனார்.

ஐப்பசி பிறந்தது. கொழுந்து பொங்கி வருகிற மாதம். சூரியன் தலைகாட்டாத மாதமும் அதுதான். ஐந்து மணிக்கு அடிக்கவேண்டிய மணி ஐந்தே காலுக்கு அடித்தது. பிறகு ஐந்தரைக்கு. கண்டக்டர் கேலியாகக் கேட்பார்: "என்ன கங்காணி, ஒம்ம கடியாரம் என்ன சொல்லுது?" பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வந்த தாய்மார்கள், ரவிக்கை பாலில் நனைந்து, மழையிலும் நனைந்து, ஆபீஸைத் தாண்டி ஓடுவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். என் மேஜைமேல் ஆபீஸ் கடியாரம், கங்காணியின் சக்கரத்தோடு, ஐந்து முப்பத்திரண்டு என்று காட்டும். நான் புத்தகத்தில் 'ஐந்து' என்று எழுதுவேன்.

ஒரு நாள் மூடுபனி முழங்கைக்கு அப்பால் எதையும் காட்டவில்லை. கங்காணி வயிற்றுப் பசியை வைத்தோ என்னவோ நேரத்தைக் கணித்து, "போதும், எறங்குங்க" என்று சொல்லிவிட்டார். மணி அடிக்காமல் அறுபது பேரும் கூடையோடு இறங்கி வந்தார்கள். கண்டக்டர் பாதையில் மறித்துக்கொண்டு, ஆபீஸ் கடியாரத்தைக் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். எடுத்துக்கொண்டு போனவன் நான்.

மணி நாலே முக்கால்.

"கடியாரம் இல்லேன்னா கங்காணிக்குப் பகலும் இல்ல, பொழுதும் இல்ல" என்றார் கண்டக்டர்.

கூட்டத்திலிருந்து இசக்கி என்கிற கொழுந்துக்காரி, "நேத்து இருட்டுல எங்கள வச்சிருந்தீயளே, அப்ப ஒங்க கடியாரம் ஒறங்கிட்டோ?" என்றாள். யாரோ சிரித்தார்கள். கங்காணி சிரிக்கவில்லை. என் கையிலிருந்த கடியாரத்தைக் குனிந்து பார்த்தார். தன் சக்கரம் தனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும்.

மணி அடிக்காமல் வேலையை விட்டது கலகம் என்று துரையிடம் போயிற்று. அடுத்த மாசம் முடியட்டும், முடிவு சொல்கிறேன் என்றார் துரை.

அன்றைக்குத்தான் தீர்மானம் செய்தேன். அதற்குள் கங்காணியின் கடியாரத்தை ஓட வைத்துவிடுவது. அது ஓடினால் அவர் பாறைமேல் ஏறி நிற்பார், நடந்ததைத் துரையும் மறந்துவிடுவார் என்று என் மனசு ஒரு கணக்குப் போட்டது. காலேஜ் வழியில் இருந்த அந்தப் பழைய கடியாரக் கடைக்காரருக்குப் பாலக்காட்டுக்கு எழுதினேன். அச்சு கிடைக்காது என்று பதில் வந்தது. கூடவே ஒரு பார்சல். விரல் நீளத்தில் ஒரு கடைசல் கருவி, இரண்டு உளி, முனை துடைக்க ஒரு கட்டு நெட்டி. 'தையல் ஊசியில் கடை. அவசரப்படாதே' என்று ஒரு துண்டுக் காகிதம்.

ஊசியைக் கருவியின் இரண்டு முனைகளுக்கு நடுவே நிறுத்தி, ஒரு சின்ன வில்லின் நாணை அதில் ஒரு சுற்றுச் சுற்றி, இடக்கையால் வில்லை இழுக்கவேண்டும், வலக்கையில் உளி. நாணுக்குக் குதிரை மயிர். துரையின் குதிரையைப் பார்த்துக்கொள்கிறவனிடம் கேட்டுப் போனேன். "மொதல்ல ஒண்ணு கேட்டீய, இப்ப பத்து. வால மட்டும் விட்டுட்டுப் போங்க சாமி, ஈ ஓட்டணும்லா" என்றான். கடையில் ஊசி வாங்கும்போது, "வீட்டம்மா ஊர்ல இருக்கையில ஒத்த ஆம்பளைக்கு இம்புட்டு ஊசியா?" என்று கேட்டார்கள். பகல் வெளிச்சம் வேண்டிய வேலை. எனக்குப் பகல் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

எஃகை நீல நிறம் வரும்வரை சுட்டால்தான் உளி பிடிக்கும். முதல் ஞாயிறு, நீலத்தைத் தாண்டிச் சாம்பல் நிறமாகி ஊசி மெழுகாய் வளைந்தது. இரண்டாம் ஞாயிறு, பகல் முழுவதும் கடைந்து மெருகேற்றும்போது முனை போயிற்று. ஒரு தும்மல், அவ்வளவுதான் காரணம். தரையில் மண்டியிட்டு வெகுநேரம் தேடினேன், கிடைத்தால் ஒட்டவா முடியும்? மூன்றாம் ஞாயிறு முனைகள் வந்தன, ஆபீஸ் கடியாரத்து அச்சோடு ஒத்துப் பார்த்தால் நீளம் குறைந்தது. இனிமேல் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டேன், வயிறு நிறைந்தால் கை நடுங்குகிறது. மூச்சை நிறுத்தி வில்லை இழுக்கப் பழகினேன்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். பத்து நிமிஷத்தில் கழற்றியதைப் பத்து நிமிஷத்தில் திருப்பி மாட்டியிருக்கலாம். ஆபீஸ் கடியாரம் என் கையால் உடைந்தது என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஊசியைக் கடைய எனக்கு அவ்வளவு உறுதி இருந்தது, அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான்.

நாலாவது ஞாயிறுக்கு முந்தின நாள் துரை முடிவு சொன்னார். கங்காணியின் பேரை அடித்தாயிற்று. மறுநாளே லயத்து வீட்டைக் காலி செய்யவேண்டும். எழுதியவன் நான்.

பொழுது விடிந்ததும் உட்கார்ந்தேன். அன்றைக்குக் கை நடுங்கவே இல்லை. அளவு பார்க்கப் பழைய அச்சின் உடையாத பாதி இருந்தது. அதோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுக் கடைந்தேன். சக்கரத்தில் தட்டி இறுக்கினேன். முதல் நாள் ராத்திரியே பழுது பார்க்கிறேன் என்று சொல்லிக் கங்காணியிடமிருந்து கடியாரத்தை வாங்கி வைத்திருந்தேன். அதில் பொருத்தி ஒரு ஊது ஊதினேன். சக்கரம் ஆடத் தொடங்கியது. நிற்கவில்லை. அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

தேவிகுளத்துக் கடைத்தெருவில் அவரைப் பிடித்தேன். இரண்டு மூட்டைகள், மனைவி, ஒரு ஆடு. கடியாரத்தைக் கொடுத்தேன். காதில் வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அப்பம் ஆபீசுல ஓடுறது என்னோடதா?"

"ஆமாம்."

"அன்னிக்குப் பாதையில காட்டுனதும்?"

"அதுதான்."

அவர் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ சும்மா கெட" என்றார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"எங்கிட்டச் சொல்லி என்ன சாமி? துரைகிட்டச் சொல்லுங்க. இருக்கிறத இருக்கிறபடி சொன்னாப் போதும். போடி அடிவாரத்துல ஒரு காப்பிக்கடை உண்டும். மூணு நாளு அங்கன இருக்கேன். ஆள் அனுப்புங்க, ஏறி வந்துருதேன்."

"சொல்றேன்" என்றேன்.

திங்கட்கிழமை, இங்கிலீஷ் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு துரையின் மேஜைமுன் நின்றேன். என்ன என்று நிமிர்ந்தார். தேயிலைப் பெட்டிக்கு ஆணி தீர்ந்துவிட்டது என்றேன். செவ்வாய் அவர் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. புதன்கிழமை கதவுவரை போனேன். அவர் உள்ளே யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நல்ல மனநிலையில்தான் இருந்தார். திரும்பி வந்தேன். ஊரில் மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். அது காரணம், நியாயம் ஆகாது.

அன்றுமுதல் புத்தகத்தில் மணி அடித்த நேரத்தைச் சரியாக எழுதினேன். ஐந்து முப்பத்தைந்து, ஐந்து நாற்பது. யாரும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தை என்னைத் தவிர ஒருவரும் படிப்பதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

தை மாசம் லீவில் ஊருக்குப் போகும்போது போடி அடிவாரத்தில் அந்தக் காப்பிக்கடையில் நின்றேன். கடை வைத்திருந்த அம்மாளிடம் கங்காணியைப் பற்றி விசாரித்தேன்.

"கடியாரக்காரரா? மூணு நாளுன்னு சொல்லிட்டு எட்டு நாளு இருந்தாரு. காலையில சாவி குடுப்பாரு, மணியப் பாப்பாரு, மலைப்பாதையப் பாப்பாரு. யாரு வராங்கன்னு கேட்டா, சாமி ஆள் அனுப்பும்னு சொல்லுவாரு. பொஞ்சாதிதான் சண்டை போட்டுக் கூட்டிட்டுப் போச்சு."

கடியாரம் ஒரு நாளும் நிற்கவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

அவர் ஊருக்கு இரண்டு கடிதம் போட்டேன்; பதில் இல்லை. இப்போது கங்காணிமுறையே சட்டத்தில் போய்விட்டது. துரைமார் கப்பலேறிவிட்டார்கள். தண்டவாளத் துண்டுக்குப் பதில் சங்கு ஊதுகிறது. கொழுந்தெடுக்கும் பெண்களின் மணிக்கட்டிலேயே கடியாரம் இருக்கிறது என்கிறார்கள். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காகப் போடி வழியாகப் பஸ்ஸில் போனேன். அந்தக் காப்பிக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் மலைப்பாதை எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும் என்று பார்த்துவிடவேண்டும் என்று ஜன்னலோரமாக இடம் பிடித்திருந்தேன். பாதையை அகலமாக்கக் கடை இருந்த மேட்டையே வெட்டி எடுத்துவிட்டார்கள். பஸ் அங்கே நிற்கவில்லை.