கைநழுவிய நர்ஸ் விசா

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம் அது. நர்ஸ் படிப்பு முடித்திருந்த எனக்கு சவுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, விசாவும் வந்திருந்தது. மறுநாள் மெட்ராஸில் விமானம் ஏற வேண்டும். எலவனாசூர்கோட்டை அருகே போராட்டக்காரர்கள் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் பஸ் நின்றுவிட்டது. அண்ணனும் நானும் பெட்டியோடு நடந்தோம்.

மரங்களைத் தாண்ட முடியாமல் நின்ற மாட்டு வண்டியில் ஒரு பெண் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்றதுன்னே தெரியலீங்க," என்றார் அவள் கணவர்.

"பிளேன் போயிடும், வா," என்றார் அண்ணன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போயிடாதீங்கக்கா."

வண்டியில் ஏறினேன். பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவேயில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல், என் மடியிலேயே அவள் உயிர் பிரிந்தது.

விமானத்தைத் தவறவிட்டேன். நான் போகாததால் அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். "இப்போ வூட்டு வேலை விசாதாம்மா இருக்குது," என்றார் ஏஜென்ட். குடும்ப நிலைமை அப்படி. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன்.

வருத்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீட்டுக் கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் போதெல்லாம், தாயில்லாத அந்தப் பிள்ளையை யார் குளிப்பாட்டுகிறார்களோ என்றுதான் மனம் கிடந்து தவிக்கும்.