துடிப்பு எண்ணிய வைகாசி

மருத்துவமாது தந்த அட்டையில் ஒவ்வொரு நாளுக்கும் பத்துக் கட்டங்கள் இருந்தன. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு எண்ணத் தொடங்க வேண்டும். வயிற்றுப் பிள்ளை ஒருமுறை துடித்தால் ஒரு கட்டத்தில் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி. பத்தும் நிரம்பினால் அன்றைக்கு அவ்வளவுதான். என் பிள்ளை பெரும்பாலும் பத்தரை மணிக்குள், நான் நான்காம் வகுப்புக்குக் கணிதம் படிப்பித்துக்கொண்டிருக்கும்போதே பத்தையும் முடித்துவிடும். வெண்கட்டிக் கையோடு மேசைக்கு வந்து அட்டையில் புள்ளடி போடுவேன். அது என்னவென்று பிள்ளைகள் கேட்டபோது, இன்னொரு மாணவரின் வரவு என்று சொன்னேன். அவர்களுக்கு விளங்கவில்லை.

நான் அப்போது படுவான்கரையில், வாவிக்கு மேற்கே, ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் இருந்தேன். என் சொந்த இடம் மறுகரை, வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலம். கடல் பொங்கி ஊருக்குள் வந்த அன்று அம்மாவும் தங்கச்சியும் வீட்டில் இருந்தார்கள். நான் புளியந்தீவில் ஒரு தோழி வீட்டில் நின்றேன். எங்கள் பக்கத்தில் வீடு சீதனமாகப் பெண்பிள்ளைக்குத்தான். எனக்கென்று அம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடித்த வீடும் அவர்களோடு போயிற்று. அதன் பிறகு கடல் இரைச்சல் கேட்கும் இடத்தில் எனக்கு நித்திரை வரவில்லை. வாவிக்கு அந்தப் பக்கம் ஆசிரியர் தேவை என்றபோது, ஒருவரும் விரும்பாத அந்த இடமாற்றத்தை நான் கேட்டு வாங்கினேன்.

பிறகு கலியாணம் நடந்தது. அவர் வெல்லாவெளிப் பக்கம். கலியாணம் முடிந்து ஏழு மாதத்தில் கட்டாருக்கு மின்வேலைக்குப் போனார். ஒரு விடுமுறையில் வந்து போன பிறகு எனக்கு இந்தப் பிள்ளை தங்கியது. வெள்ளிக்கிழமைகளில் போன் எடுப்பார். ஒன்பதாம் மாதம் பிறந்ததும் ரவுணில், ஆஸ்பத்திரிக்குக் கிட்ட உள்ள என் சித்தி வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். இது நடந்த கிழமையின் சனிக்கிழமை போக இருந்தேன்.

நான் அறை எடுத்திருந்த வீட்டில் ஒரு மாமி மட்டும் இருந்தார். கணவர் இல்லை. ஒரே மகள். பதினேழு வயதில், பின்னேரம் ரியூசனுக்குப் போன பிள்ளையை வழியில் வைத்து இயக்கக்காரர் போருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வன்னியில் கண்டதாக யாரோ சொன்னது ஒருமுறை. மகளின் கையெழுத்தில் நாலு வரிக் கடிதம் ஒருமுறை. அவ்வளவுதான் மாமியிடம் இருந்தது. வன்னியில் சண்டை இறுகிய அந்த வருடம் தை மாதத்திலிருந்து அவர் வானொலிக்குப் பக்கத்திலேயே இருந்தார். அரிசி களைவதும் அங்கேதான், தலை வாருவதும் அங்கேதான். என்னோடு அதிகம் கதைக்க மாட்டார். என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். நேரத்துக்குச் சோறு வைப்பார். என் வயிற்றைப் பார்க்காமல் இருக்க அவர் எடுக்கும் சிரமம் எனக்குத் தெரிந்தது.

அட்டை முதலில் பிந்தியது ஒரு திங்கட்கிழமை. பத்தரைக்கு மூன்று புள்ளடிதான். பள்ளிக்கூடம் விடும்போது ஐந்து. பொழுதுபட எட்டு. எட்டாவது உண்மையிலேயே துடிப்புத்தானா, வயிற்றில் ஓடிய வாயுவா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் போட்டேன். பிறகு, துடிக்காத இரண்டையும் நானே போட்டேன். அட்டை நிரம்பியிருப்பதைப் பார்த்தால் மனம் ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. பிள்ளைகள் வீட்டுப்பாடத்தில் செய்யும் கள்ளத்தை நானே செய்திருந்தேன்.

மறுநாள் காலை இரண்டு புட்டுத் துண்டும் தேநீரும் எடுத்துக்கொண்டு இடப்பக்கம் சரிந்து படுத்தேன். ஒன்றும் இல்லை. குளிர்ந்த தண்ணீர் குடித்தேன். வயிற்றை ஒரு பக்கமாக மெல்லத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே ஏதோ சாய்ந்து, மறுபடி பழைய இடத்துக்கு வந்தது. அது அசைவல்ல. வாளித் தண்ணீரில் தேங்காயைத் தள்ளினால் அது திரும்பி வருமே, அப்படி.

அன்று பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வரவில்லை. வீதியில் பஸ் இல்லை. போர் முடிந்துவிட்டது என்ற செய்தியை மாமியின் வானொலி காலையிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கோ தூரத்து இராணுவக் காவலரணில் வெடி கொளுத்தும் சத்தம் கேட்டது. ஊருக்குள் ஒரு சத்தமும் இல்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வன்னிக்குப் போயிருந்தார். 

அப்படியான ஒரு நாளில், என் பிள்ளை காலையிலிருந்து துடிக்கவில்லை என்று நான் யாரிடம் சொல்வது? மாமி வானொலிக்கு முன்னால் கைகளை மடியில் வைத்தபடி இருந்தார். அவருடைய பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்பதை அந்தப் பெட்டி சொல்லிவிடும் என்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் என் பயம் எனக்கே சின்னதாகத் தெரிந்தது. அம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பேன். நான் வயிற்றில் இருந்தபோது இப்படிப் பேசாமல் கிடந்தேனா, கடைசி மாதத்தில் எல்லாப் பிள்ளையும் இப்படித்தானா என்று. அம்மா சிரித்தால்கூடப் போதும். மருத்துவமாதின் நம்பருக்கு இரண்டு முறை எடுத்தேன். லைன் கிடைக்கவில்லை.

கட்டாருக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுத்தேன். கொடுத்த உடனே ஏன் கொடுத்தேன் என்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் எடுத்தார். பின்னால் இரும்பு வெட்டும் சத்தம். செவ்வாய்க்கிழமை எடுத்ததால் பயந்துபோயிருந்தார்.

"என்ன, சுகமில்லையா?"

"சுகம்தான். சும்மா எடுத்தன்."

"பிள்ளை?"

"நித்திர போல," என்றேன்.

அவர் சிரித்தார். தன்னைப் போலத்தான் என்றார். மேற்பார்வையாளர் வருகிறார், வெள்ளிக்கிழமை ஆறுதலாகக் கதைக்கிறேன் என்று வைத்துவிட்டார். போன் சூடாக என் கையில் இருந்தது. அவ்வளவு தூரத்தில் இருக்கும் மனிதனுக்கு இதைச் சொல்லி அவர் என்ன செய்வார் என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். உண்மை அதுவல்ல. வாயால் சொல்லிவிட்டால் அது நடந்துவிடும் என்று பயந்தேன்.

பதினொரு மணிபோல குசினிக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். குடத்தைச் சரிக்கும்போது செம்பு கைதவறி விழுந்தது. மாமி திரும்பிப் பார்த்தார்.

"டீச்சர், முகம் ஏன் இப்பிடி வெளுத்துக் கிடக்கு?"

நான் ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"மாமி, புள்ள துடிக்கல்ல."

"எப்ப இருந்து?"

"நேத்தே குறைவு. இண்டைக்கு விடிஞ்சதில இருந்து ஒண்டுமே இல்ல."

அவர் எழும்பினார். வானொலியின் திருகைத் திருப்பி நிறுத்தினார். தை மாதத்திலிருந்து அந்த வீட்டில் அது நின்று நான் கண்டதில்லை. என் அருகே வந்து, முதன்முதலாக என் வயிற்றில் கை வைத்தார். அவர் கை குளிர்ந்திருந்தது. நெடுநேரம் வைத்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நேத்தே சொல்லியிருக்கலாமே புள்ள," என்றார். "என்னத்துக்கு வாயப் பொத்திக்கொண்டு இருந்தாய்?"

"நீங்க மகள்ட செய்தி கேட்டுக்கொண்டு இருந்தீங்க."

"செய்தி இனி ஓடிப் போகாது. உடுப்ப மாத்து. போவம்."

அடுத்த வீட்டுக்காரரின் உழவு மெசின் பெட்டியில் வைக்கோல் பரப்பி, அதன் மேல் மாமியின் மெத்தையைப் போட்டு என்னைப் படுக்க வைத்தார்கள். வட்டை வயல்களுக்கு நடுவில் போகும் கிரவல் வீதி. அறுவடை முடிந்து கிடந்த வயல்களுக்கு மேலால் கச்சான் காற்று சுடச்சுட அடித்தது. ஒவ்வொரு குழியிலும் மாமி என் தோளை இறுக்கிப் பிடித்தார். மண்முனைத் துறையில் பாதை அந்தக் கரையில் நின்றது. இரண்டு பெரிய தோணிகளைச் சேர்த்துப் பலகை அடித்து, ஆளையும் வாகனத்தையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைதான் பாதை. அது இந்தக் கரைக்கு வரும்வரை காவலரணுக்குப் பக்கத்து மரநிழலில் நின்றோம்.

காவலரணில் பாற்சோறு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிப்பாய், மீசை அரும்பிய முகம், வாழையிலைத் துண்டில் ஒரு வெட்டுப் பாற்சோறும் சர்க்கரையும் வைத்துக்கொண்டு வந்து மாமியிடம் நீட்டினான். அவனுக்குத் தெரிந்த தமிழில், "அம்மா, சண்டை முடிஞ்சு," என்றான். என் வயிற்றைப் பார்த்துவிட்டு, எங்கள் பையைத் திறக்கச் சொல்லாமலே போகச் சொன்னான். மாமி இலையை வாங்கிக்கொண்டார். அதை அவர் வாவிக்குள் எறிந்துவிடுவார் என்று நான் பயந்தேன். எறியவில்லை. உண்ணவுமில்லை. இரு கையாலும் ஏந்தியபடி பாதையில் ஏறி, பக்கப் பலகையில் என்னோடு உட்கார்ந்தார். காற்றில் வாவி அலையடித்தது. எஞ்சின் இரைந்தது. பாதிவாவி தாண்டியிருப்போம், இலையை என் மடியில் வைத்தார்.

"தின்னு."

"மாமி, எனக்கு வேணாம்."

"இனிப்புப் பட்டா புள்ள துடிக்கும். அவள் வயித்துக்க கிடக்கக்குள்ளயும் அப்பிடித்தான். ஆர் தந்ததெண்டு புள்ளைக்குத் தெரியாது. தின்னு."

தின்றேன். தண்ணீர் குடித்து இறக்கினேன். மாமி வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கன்னத்தில் தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. பாதை கரையை நெருங்கும்போது வயிற்றின் அடியில் ஏதோ உரசியதுபோல இருந்தது. அது பிள்ளையா, பலகையின் அதிர்வா என்று தெரியவில்லை. மாமியிடம் சொல்லவில்லை. ஒருமுறை கள்ளப் புள்ளடி போட்டவளுக்கு இன்னொருமுறை போட மனம் வரவில்லை.

மறுகரையில் ஆட்டோ ஒன்று கிடைத்தது. கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட, வலப்பக்கம் எங்கள் பழைய ஊருக்குத் திரும்பும் வீதி வரும். அந்த இடத்தில் நான் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வேன். அன்று மூடினேனா இல்லையா என்று ஞாபகமில்லை.

பெரியாஸ்பத்திரியில் ஒரு நடுவயதுத் தாதி என்னை உடனே படுக்க வைத்து, வயிற்றில் குளிர்ந்த களிம்பைப் பூசி, கையடக்கக் கருவியை வைத்து அழுத்தினார். இரைச்சல்தான் கேட்டது. இடம் மாற்றினார். மறுபடி இரைச்சல். என்னோடு கதைத்துக்கொண்டிருந்தவர் கதையை நிறுத்தினார். அந்தச் சில கணங்களில் நான் என் பிள்ளையை அடக்கம் செய்துவிட்டேன். அம்மாவையும் தங்கச்சியையும் போட்ட அதே மணலில். பிறகு, விலாவுக்குக் கிட்ட, தூரத்தில் போகும் எஞ்சின் தோணிபோல அது கேட்டது. கிட்ட வந்தது. விடாமல் அடித்தது.

"இருக்கு," என்றார் தாதி. பிறகு குரல் மாறியது. "ஏன் நேற்றே வரல்ல? துடிப்புக் குறைஞ்சா விடியட்டும் எண்டு பாக்கிறதில்ல. உடன வரோணும்."



பிள்ளையைச் சுற்றி நீர் வற்றிவிட்டது, காத்திருக்க ஏலாது என்று வைத்தியர் சொன்னார். அன்று பின்னேரமே சத்திரசிகிச்சை நடந்தது. பெண்பிள்ளை. சிறியது, அழுவதற்கே கொஞ்சம் யோசித்தது. கண் விழித்தபோது மாமி சீலைத் தலைப்பால் அதை மூடி வைத்திருந்தார். சித்தி வந்த பிறகும் இரண்டு நாள் விறாந்தையில் படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலை, வவுனியா முகாம்களுக்கு வன்னிச் சனம் வந்திருக்கிறது, போய்ப் பார்க்கிறேன் என்று சொன்னார். மகளின் பள்ளிக்கூடப் படம் ஒன்றை எனக்குக் காட்டினார். அதுவரை அவர் காட்டியதில்லை. இரட்டைப் பின்னல், கறுப்பு ரிபன். நல்ல வடிவான பிள்ளை என்றேன். ஓம் என்றார்.

அவரிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும், அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அன்று என் கையில் உயிரோடு ஒரு பிள்ளை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கட்டாரிலிருந்து அவர் போன் எடுத்தார். சித்தி முதலே சொல்லியிருந்ததால் எல்லாம் தெரியும். அழுதார். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நான் பிள்ளையின் மூக்கைப் பற்றிக் கதைத்தேன்.

சித்தி வீட்டில் ஆறு கிழமை இருந்தேன். எல்லாரும் நல்லவர்கள். வந்தவர்கள் எல்லாரும் பிள்ளை யாரைப் போல என்று பார்த்தார்கள். என் அம்மாவைப் போல என்று ஒருவரும் சொல்லவில்லை. அம்மாவின் முகத்தைச் சரியாக ஞாபகம் வைத்திருந்தவர்களும் அங்கே குறைவு. பால் கொடுக்கும்போது பிள்ளை என் விலாவில் உதைக்கும். ஒவ்வொரு உதைக்கும் என்னை அறியாமலே விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்தேன். பத்துக்கு மேலும் எண்ணினேன்.

பிள்ளைக்கு ஒன்றரை மாதம் தாண்டியபோது படுவான்கரைக்குத் திரும்பினேன். மாமி ஒரு கிழமைக்கு முன்தான் வந்திருந்தார். மெலிந்து கறுத்திருந்தார். எத்தனையோ முகாமின் முள்வேலிக்கு வெளியில் நின்று, உள்ளே நின்றவர்களிடம் படத்தைக் காட்டியிருக்கிறார். ஒருவர் கண்டேன் என்றாராம், இன்னொருவர் அது வேறு பிள்ளை என்றாராம். இதையெல்லாம் அவர் வாசல்படியில் இருந்தபடி, சந்தைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். 

அவர்தான் எழும்பினார். கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவி, அடுப்பில் தண்ணீரைச் சுடவைத்துவிட்டு வந்தார்.

"இஞ்ச தா," என்றார். "காலம வெயில் ஏறமுன்னம் குளிக்க வாக்கோணும். மறுகா காத்து அடிக்கும்."

கொடுத்தேன். கால்கள் இரண்டையும் நீட்டி, அவற்றின் மேல் பிள்ளையைக் கிடத்தி, தலையை ஒரு கையால் தாங்கி, இளஞ்சூட்டுத் தண்ணீரை மறுகையால் ஊற்றினார். பிள்ளை வீறிட்டுக் கத்தி, கையையும் காலையும் உதறியது.