நிதானம் வாசித்த கடைசி அத்தியாயம்

நாங்கள் லிஃப்ட் மெக்கானிக்குகள். எப்போதும் இரண்டு பேராகத்தான் போவோம். ஒருவர் மொட்டைமாடி மெஷின் ரூமில், இன்னொருவர் கீழே, லிஃப்ட் பெட்டிக்கு அடியில் இருக்கும் குழிக்குள். மேலே இருப்பவர் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு போனில் "ஆஃப்" என்பார். கீழே இருப்பவர் "ஆஃப்" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார். இருபது வருஷமாக எனக்கு மேலே இருந்து குரல் கொடுப்பவர் நிதானம் அண்ணன். அது பட்டப்பெயர். டீயைக்கூட ஆற வைத்து, ஆறியதா என்று தொட்டுப் பார்த்து, பிறகுதான் வாயில் வைப்பார். கூட இருப்பவனுக்குப் பொறுமை போய்விடும், எனக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறது. ஆனால் அவர் ஆஃப் என்றால் ஆஃப்தான்.

அப்படிப்பட்ட மனிதர் வீட்டில் பதினேழு வருஷமாக ஒரு பொய்யைக் கட்டிக் காத்துக்கொண்டிருந்தார். அண்ணி வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனபோது மகளுக்கு ஏழு வயது. இரண்டு வருஷம் கழித்து அண்ணியிடமிருந்து கடிதம் வந்தது. திரும்பி வரப்போவதில்லை, காத்திருக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். அது அண்ணனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். மகளிடம், "அம்மாவுக்கு இன்னும் வேலை முடியல, முடிஞ்சதும் வந்துடுவா" என்று சொல்லிவிட்டார். போகப் போக அந்தப் பேச்சே வீட்டில் நின்றுபோனது. வாசல் பெயர்ப்பலகையில் மட்டும் மூன்று பேருடைய பெயரும் இருக்கும். பெயிண்ட் உதிர்ந்தால் அண்ணனே உட்கார்ந்து மறுபடி எழுதிவிடுவார்.

அந்தக் காலத்தில் சாயங்காலமானால் மகளுக்கு ஒரு பழைய நாவலை வாசித்துக் காட்டுவார். பேர்போன விஞ்ஞானக் கதை. வெயிலே படாத ஒரு கோளில் விளக்கு நிலையம் அமைக்கப் போகிறாள் ஒரு பெண். பூமியில் புருஷனும் குழந்தையும் வருஷக்கணக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்கள். கடைசி அத்தியாயத்தில் அவளிடமிருந்து செய்தி வருகிறது, இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று. அண்ணன் இதை முன்கூட்டிப் படித்து வைத்திருக்கவில்லை. கடிதம் வந்த அதே வாரம் அந்த அத்தியாயமும் வந்து சேர்ந்தது. புத்தகத்தில் இல்லாததையெல்லாம் வாசித்தார். கப்பல் இறங்கியது, கதவு திறந்தது, அம்மா ஓடி வந்தாள். குழந்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாளே புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்.

போன வருஷம் அந்த நாவலைப் படமாக எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. மகளுக்கு இப்போது இருபத்தாறு வயது, ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. வீட்டில் எப்போது பார்த்தாலும் அதே பேச்சு. டிரெய்லரை எத்தனை தடவை பார்த்தாள் என்பதற்குக் கணக்கே இல்லை. முன்பதிவு திறந்த அன்றைக்கே மூன்று டிக்கெட் எடுத்துவிட்டாள், எனக்கும் சேர்த்து.

அண்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"கடைசில அவ வரமாட்டேங்கிறத திரையில பாத்துட்டு, இவ என் பக்கம் திரும்பிப் பாப்பாளே. அப்ப என் மூஞ்சிய எங்க வச்சுக்கறது?"

"இப்பவே சொல்லிடுங்கண்ணே. சின்னப் பிள்ளையா அவ? தாங்கிக்குவா."

"எனக்குத்தான் தாங்காது" என்றார்.

படம் வர பத்து நாள் இருந்தது. ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. நான் குழிக்குள் இருந்தேன். "ஆஃப்" என்றார். நானும் "ஆஃப்" என்று சொல்லிவிட்டுக் கை வைத்தேன். கீழ்த்தளத்தில் யாரோ பட்டனை அழுத்த, பெட்டி இறங்கி வந்து என் தலைக்கு ஒரு சாண் மேலே நின்றது. மெயினை இறக்காமலேயே சொல்லியிருக்கிறார். மேலே போய் வாய்க்கு வந்தபடி திட்டினேன். வயதில் மூத்தவர் என்றும் பார்க்கவில்லை. அவர் தரையில் உட்கார்ந்து அழுதார். "இன்னைக்கே அவகிட்ட சொல்லிடறேன்" என்றார். வீட்டுக்குப் போனால், படத்துக்குப் போட்டுக்கொண்டு வரச்சொல்லி அப்பாவுக்குப் புதுச் சட்டை வாங்கி வைத்திருக்கிறாள் மகள். சொல்லவில்லை. அவர் மேல் எனக்கிருந்த கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை.

மத்தியானக் காட்சிக்குப் போனோம். இரண்டரை மணி நேரமும் அண்ணன் இருக்கையின் கைப்பிடியை விடவேயில்லை. கடைசியில் திரை இருண்டது. பிறகு கப்பல் இறங்கியது, கதவு திறந்தது, அம்மா ஓடி வந்தாள். படம் எடுத்தவர்களும் முடிவை மாற்றிவிட்டிருந்தார்கள். அரங்கமே கைதட்டியது. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. மகள் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

கீழே இறங்க லிஃப்டில் ஏறினோம். நாங்கள் மூன்று பேர்தான்.

"மாத்திட்டாங்கப்பா" என்றாள்.

"எதைம்மா?"

"புக்குல அவங்க வரமாட்டாங்க. எட்டாவது படிக்கும்போது ஸ்கூல் லைப்ரரில எடுத்துப் படிச்சேன்."

அண்ணன் கீழ்த்தளப் பட்டனை மறுபடி ஒருமுறை அழுத்தினார்.

"நீங்களா ஒருநாள் சொல்வீங்கன்னு இருந்தேன், சொல்லல. சரி, படத்துல ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துட்டா, அப்புறம் பேசித்தானே ஆகணும்னு நினைச்சேன். அதுக்குத்தான்பா இத்தனை நாளா இந்தப் படத்துக்காகக் காத்துக்கிட்டிருந்தேன்." அவள் குரல் உடைந்தது. "அம்மா இனிமே வரமாட்டாங்கதானேப்பா?"

கீழ்த்தளம் வந்து கதவு திறந்தது. சொல்லித் தொலையுங்கண்ணே என்று மனசுக்குள் கத்தினேன். அண்ணன் கதவின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"கதவு லேசா இழுக்குது. ரோலர் மாத்தணும்" என்றார்.

"சரிப்பா" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.

இத்தனை வருஷமாக இதே வேலைதான் செய்கிறேன். அந்தக் கதவில் ஒரு குறையும் இல்லை.