தேவசகாயம் அண்ணனின் கூட்ஸ் வண்டி

போன வியாழக்கிழமை மத்தியானம் போனில் தேவசகாயம் அண்ணனின் மனைவி ஸ்டெல்லா அக்காவின் எண் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் அவர் கூப்பிட்டதில்லை. "மாலதி, அவரு போய்ட்டாரும்மா" என்றார். காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம்.

அந்த நாளில் எங்களோடு கம்பெனி பஸ்ஸில் வந்த உங்களுக்குத் தேவசகாயம் அண்ணனை அதிகம் பேசாத ஃபிட்டராகத்தான் தெரிந்திருக்கும். குன்றத்தூர் வீட்டில் அவர் ஒரு பொம்மை நீராவி எஞ்சின் செய்துகொண்டிருந்தார். முழங்கை நீளம், செம்பு பாய்லர். அது முடியும் தறுவாயில், இழுக்க வேகன்கள் வேண்டுமென்றார். எங்கள் பக்கம் ரயிலே கிடையாது. செங்கல்பட்டுக்குப் போய், நின்றிருந்த கூட்ஸ் வண்டியை அளந்து வந்தார். டிராயிங் செக்‌ஷனில் இருந்த நான் அதைச் சிறிய அளவுக்கு வரைந்து கொடுத்தேன். கதவுக் கொண்டி முதல் சக்கரத்து ஸ்பிரிங் வரை எல்லாம் அதில் இருக்க வேண்டும் அவருக்கு. வெளியே தெரியாத ஸ்பிரிங் எதற்கு என்று கேட்டேன். "லோடு ஏத்துனா அமுங்கணும்மா. இல்லன்னா அது டப்பா, வேகன் இல்ல" என்றார்.

அது 1991. அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது உங்களுக்குத் தெரியும். அதன்பின் ஊரெங்கும் போலீஸ். பஸ்ஸை நிறுத்திப் பைகளைத் திறந்து பார்த்தார்கள். கொஞ்ச நாள் எஞ்சினைத் தொடாதீர்கள் என்று ஸ்டெல்லா அக்கா அழாத குறையாகக் கேட்டுக்கொண்டார். அண்ணனும் சரியென்றார். ஆனால் பாய்லரும் ஒரு வேகனும் என் வரைபடமும் ஸ்ரீபெரும்புதூரில் நண்பர் ஒருவரின் பட்டறையில் இருந்தன. தன்னால் அவருக்குத் தொந்தரவு வரக்கூடாதென்று அவற்றை எடுத்துவரப் போனார். திரும்பும் வழியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். பையில் செம்பு உருளை, குழாய்கள், அடியில் ரயில் பெட்டியின் படம். ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள்.

செய்தி கிடைத்து நான் ஓடியபோது ஸ்டேஷன் வாசலில் ஸ்டெல்லா அக்கா நின்றிருந்தார். படம் வரைந்தது யார் என்று கேட்டால், அண்ணன் தானே என்கிறாராம். பேப்பர் கொடுத்து வரையச் சொன்னால் கோடு நேராக வரவில்லையாம். அதனால் சந்தேகம் முற்றிவிட்டதாக ஒரு காவலர் சொன்னார். எனக்கு உடனே புரிந்தது. அப்போது எனக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அது அக்காவுக்கும் தெரியும். "நீ வூட்டுக்குப் போ. உன் பேரு வரக்கூடாதுன்னுதான் அவரு இப்படிச் சொல்றாரு" என்றார். என் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார்.

நான் உள்ளே போனேன். என்னைப் பார்த்ததும் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இவங்க யாருன்னே தெரியாது சார்" என்றார். படம் என்னுடையது என்று சொல்லி, பேப்பர் வாங்கி அதே வேகனை வரையத் தொடங்கினேன். முதல் கோடே நேராக விழுந்தது. இன்ஸ்பெக்டர் இரண்டு படங்களையும் வைத்துப் பார்த்தார். வேகனை எடுத்து நகத்தால் கொண்டியை நீக்கிக் கதவைத் திறந்தார். கட்டைவிரலால் மேலே அழுத்தினார். அது அமுங்கி எழும்பியது. இன்னொரு முறை அழுத்தினார். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றார்.

சாயங்காலம் விட்டுவிட்டார்கள். பாய்லரை மட்டும் பரிசோதனைக்கென்று வைத்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் அண்ணன் என்னைத் திட்டினார். அவர் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன். என் சம்பந்தம் நல்லபடியாக முடியும்வரை அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா பிற்பாடு சொன்னார்.

பாய்லர் மாதக்கணக்கில் வரவில்லை. தெருவில் ஜீப் சத்தம் கேட்டாலே அக்கா வாசலுக்குப் போய்விடுவார். அண்ணன் வேகன் மேல் வேகனாகச் செய்துகொண்டிருந்தார். எஞ்சினே இல்லாமல் எதற்கு என்றேன். "கை சும்மா இருந்தா மனசு ஸ்டேஷனுக்குப் போவுதும்மா" என்றார்.

மழைக்காலம் முடிந்தபின் பாய்லர் வந்தது, பக்கவாட்டில் ஒரு நசுங்கலோடு. அதைச் சரிசெய்து, தண்ணீர் அடைத்துப் பலமுறை சோதித்த பிறகும் அது வெடிக்காது என்று அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அக்காவையும் என்னையும் வீட்டுக்குள் சுவருக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, கொல்லையில் தனியாக உட்கார்ந்து பாய்லருக்கு அடியில் இருந்த விளக்கைப் பற்றவைத்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். ஈர மணல் ஏற்றிய வேகன்களை எஞ்சின் மெல்ல இழுத்துக்கொண்டு வட்டம் சுற்றியது. நாங்கள் கைதட்டினோம். அவர் திரும்பவே இல்லை. விளக்கை அணைத்து, பிரஷர் முழுக்க இறங்கிய பிறகுதான், "இப்ப வாங்க" என்று கூப்பிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

இன்று ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் மற்றவர்கள் வரைந்ததைச் சரிபார்ப்பது என் வேலை. கையெழுத்துப் போடுமுன், இது தவறிப்போனால் அந்த மெஷின் பக்கத்தில் நிற்பது யார் என்று கேட்டுக்கொள்கிறேன். சில நாள் அதனாலேயே வேலை தாமதமாகிறது. இளையவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். அந்தப் பயம் தேவசகாயம் அண்ணனுடையது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.